ஒரு நெல் குறைந்த பேரெண்: இலக்கணமும் உரையும்

பாயிரம்

நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்பது மரபு. நூலில் சரக்கு குறைந்தால் பாயிரம் நீள வேண்டும் என்பது அதைவிடப் பழைய மரபு. இந்நூலில் சரக்கு மிகுதி. ஆகவே பாயிரம் சிறிது.

இந்நூலின் நாயகன் 1,84,46,74,40,73,70,95,51,615. வாயால் சொன்னால்: ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. மூச்சு விட இரண்டு இடம் விட்டிருக்கிறேன். இருபது இலக்கம். கணக்கறிந்தோர் இதை 2⁶⁴ − 1 என்று சுருக்கி எழுதுவர். 64 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது என்று பொருள். பேரெண்களுக்குத் தாமரை, ஆம்பல், வெள்ளம் என்று பெயர் வைத்த முன்னோர் இதற்கென்று தனியாக ஒரு பூவை ஒதுக்கவில்லை. கடைசியில் கழியும் அந்த ஒன்றுதான் காரணமாக இருக்கும். முழுசாக வந்து நிற்பவனுக்குத்தான் பூ.

இதன் குணங்கள் எத்தனை வகைப்படும் என்று ஆராய்வதே நூற்பொருள். நான்கு வகைப்படும்: உடன்பிறந்தன, உடுத்தன, உரைத்தன, உழைத்தன. எந்த ஊரில் எந்த எழுத்தில் எழுதினாலும் மாறாதவை உடன்பிறந்தன. பத்துப் பத்தாக எண்ணி எழுதும் வழக்கத்தால் ஏறியவை உடுத்தன. கதை சொல்வோர் ஏற்றியவை உரைத்தன. உத்தியோகத்தால் வந்தவை உழைத்தன. இந்நான்கிலும் அடங்காதவற்றுக்கு ஒழிபு என்று ஓர் இயல் உண்டு. “எல்லாவற்றையும் அந்தக் கடைசி இயலிலேயே போட்டுவிடலாமே, மற்ற நான்கு எதற்கு?” என்பாரும் உளர். அவர்கள் எந்த இலக்கண நூலையும் கடைசி இயல் வரை படித்தறியாதவர்கள் என்க.

உடன்பிறந்தன

இந்த எண் ஒற்றைப்படை. இதைச் சொல்ல ஒரு நூலா என்றால், அல்ல. ஆயினும் எங்காவது தொடங்க வேண்டும். இரண்டை மட்டுமே பெருக்கிப் பெருக்கி வந்த குலத்தில் பிறந்து, கடைசி நொடியில் ஒன்றை இழந்ததால் இரண்டோடு உறவே அற்றுப்போனது. இழப்பு ஒன்றுதான். அந்த இழப்பால் வந்த சொத்து பெரிது.

என்னை? எனின், 2⁶⁴ என்பதை வகுக்க இரண்டின் அடுக்குகளைத் தவிர வேறு நாதியில்லை. ஒன்றைக் கழித்ததும் எட்டாம் வகுப்பு இயற்கணிதம் வேலைக்கு வருகிறது. ஒரு வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால், அது வர்க்கமூலத்தைவிட ஒன்று குறைந்ததும் ஒன்று கூடியதுமான இரண்டு எண்களின் பெருக்கமாகும். ஆக நம் எண் (2³² − 1) × (2³² + 1). முதல் காரணி மறுபடியும் அதே சாடை. அதையும் அப்படியே பிளக்கலாம். பிளந்துகொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது: 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, மீண்டும் ஒன்றைக் கூட்டினால் வருவது. 64 என்பது ஆறு இரண்டுகளின் பெருக்கம் என்பதால் உடன்பிறந்தோர் ஆறு பேர்.

இந்த ஆறு பேரின் குடும்பத்துக்குப் பெயர் வைத்தவர் இல்லை, பெயர் கொடுத்தவர் உண்டு: பிரெஞ்சு நாட்டு வழக்கறிஞர் பியர் தெ ஃபெர்மா. 1640-இல் அவர் இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாம் பகா எண்கள் என்று தம் கருத்தைக் கடிதங்களில் எழுதினார். 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களே. ஆறாவதான 4294967297-ஐ அவர் சரியாகச் சோதித்துப் பார்க்கவில்லை. ஐந்து பேரைப் பார்த்து ஆறாவது ஆளுக்கும் நற்சான்று எழுதிக் கொடுப்பது வழக்கறிஞர்களிடம் மட்டும் உள்ள பழக்கம் அன்று. ஆகவே இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

பெரிதுபடுத்தியவர் ஆய்லர். 1729-இல் கோல்ட்பாக் என்னும் நண்பர் கடிதத்தில் இதைக் கிளறிவிட, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஆய்லர் 1732-இல் 4294967297 = 641 × 6700417 என்று காட்டினார். அவர் குருட்டாம்போக்கில் வகுத்துப் பார்க்கவில்லை. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகத்தான் இருக்க முடியும் என்று பின்னர் அவரே நிறுவினார். அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது அடியில் பானை உடைந்துவிடும். ஃபெர்மாவுக்கும் இந்தக் கணக்கு ஒரு மாலை நேரத்து வேலைதான்.

641 ஏன் வகுக்கிறது என்பதற்கு வகுக்காமலே ஒரு சான்று உண்டு. அதை இங்கே வைக்காமல் போனால் நூலுக்குக் குற்றம். 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி, 641-ஆல் வகுத்து மீதி பார்க்கும் உலகத்தில் 5 × 2⁷ என்பது −1-க்குச் சமம். இருபுறமும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். இரண்டாம் வடிவத்தின்படி 5⁴ என்பது −2⁴. அதைப் போட்டால் −2³² என்பது 1. அதாவது 2³² + 1 என்பது பூச்சியம். முடிந்தது. வகுத்தல் ஏதும் நடக்கவில்லை. 1812 வாக்கில் லண்டனுக்கு அழைத்து வரப்பட்ட சீரா கோல்பர்ன் என்ற எட்டு வயது அமெரிக்கச் சிறுவன், கேட்ட மாத்திரத்தில் மனக்கணக்காகவே 641-ஐச் சொன்னான் என்று பதிவு இருக்கிறது. அவனுக்கு இந்தச் சான்று தெரியாது. அவனுக்கு எது தெரியும் என்பது அவனுக்கும் தெரியாது.

ஆக நாயகனின் பகா காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஒன்றும் இரண்டு முறை வரவில்லை. ஆகவே எந்த வர்க்கமும் (ஒன்றைத் தவிர) இதை வகுக்காது. 2³²-இன் வர்க்கத்துக்கு ஒன்றே ஒன்று குறைவாக நிற்பது தனக்குள் ஒரு சின்ன வர்க்கத்துக்கும் இடம் கொடுக்கவில்லை. வர்க்கமாக முடியாத ஏமாற்றம் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று மனோதத்துவக்காரர் சொல்வர். நாம் சொல்லமாட்டோம்.

ஏழு காரணிகளும் ஒருமுறை மட்டுமே வருவதால் வகுத்திகள் 128. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 64 இணைகள். அதாவது இந்த எண்ணை இரண்டு எண்களின் பெருக்கமாக எழுத 64 வழிகள். சதுரங்கப் பலகையின் கட்டங்கள் எத்தனையோ அத்தனை. இது தற்செயல்தான், ஆனால் விசித்திரமான தற்செயல். ஃபெர்மா சொன்னது சரியாக இருந்திருந்தால் பகா காரணிகள் ஆறாகவே நின்று, வகுத்திகள் 64 ஆகியிருக்கும். தவறாகப் போனதால் வகுத்தி இணைகள் 64. இரண்டில் எது நடந்திருந்தாலும் சதுரங்கம் தப்பவில்லை.

128 வகுத்தி என்றதும் பெருங்குடும்பம் என்று மயங்க வேண்டாம். கும்பகோணத்து ராமானுஜன் 1915-இல் லண்டனில் வெளியிட்ட நெடிய ஆய்வில், தன்னைவிடச் சிறிய எண்கள் எல்லாவற்றையும் விட அதிக வகுத்தி உடைய எண்களைத் திரட்டி ஆராய்ந்தார். அந்த இனத்தைச் சேர்ந்த 83,160 என்ற ஐந்திலக்க எண்ணுக்கும் வகுத்தி 128-தான். 83,160 முடித்துக் காட்டிய வேலையை நம் நாயகன் இருபது இலக்கம் செலவழித்துச் செய்திருக்கிறான். ஆனால் பகா காரணிகளின் கணக்கில் அவன் அத்தனை மோசமில்லை. ஒரு சாதாரண எண்ணுக்கு எத்தனை பகா காரணிகள் இருக்கும் என்று ஹார்டியும் ராமானுஜனும் 1917-இல் நிறுவினார்கள். அந்தக் கணக்குப்படி இந்த உயரத்தில் உள்ள எண்ணுக்குச் சராசரியாக நான்கு. இவனுக்கு ஏழு. வீட்டில் ஆள் உண்டு, பிள்ளைகள் குறைவு.

எண்களின் ஒழுக்கத்தை விசாரிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. கி.பி. 100 வாக்கில் வாழ்ந்த கெரசா ஊர் நிக்கோமாக்கஸ், ஒரு எண்ணின் வகுத்திகளை (அந்த எண்ணை விட்டுவிட்டு) கூட்டிப் பார்த்து, அந்த எண்ணே வந்தால் நிறைவெண், கூடினால் மிகையெண், குறைந்தால் குறைவெண் என்றார். அதோடு நில்லாமல் மிகையெண்ணைக் கைகால் அதிகமாக முளைத்த பிராணி என்றும், குறைவெண்ணை அங்கஹீனம் என்றும் திட்டியும் வைத்தார். நம் எண்ணின் வகுத்திகளைக் கூட்டினால் அதன் 100-இல் 70 பங்கு சொச்சம் வருகிறது. குறைவெண். பெயரிலேயே ஒன்று குறைந்து வந்தவன் இங்கேயும் குறைந்தான்.

வடிவியலிலும் ஒரு குறை உண்டு. அது 641-ஆல் வந்தது. 1796-இல், பத்தொன்பது வயது நிரம்பாத காஸ், 17 பக்க ஒழுங்கு பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று கண்டார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால், அது ஃபெர்மாவின் பகா எண்களை ஒவ்வொரு முறை மட்டும் பெருக்கி வந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி; அதன் இன்னொரு பாதியை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். 3 × 5 × 17 × 257 × 65537 = 4,29,49,67,295. இத்தனை பக்கம் உள்ள பலகோணம் வரையத் தக்கது. ஒற்றைப்படையில் இதைவிடப் பெரிது இதுவரை யாருக்கும் தெரியாது. சதுரங்கப் பலகையின் கட்டந்தோறும் தானியத்தை இரட்டிக்கும் கதை பின்னால் வரும்; அந்தக் கணக்கில் இது பாதிப் பலகை, வரையத் தக்கது. முழுப் பலகையான நம் எண், 641-உம் அதன் கூட்டாளியும் உள்ளே புகுந்ததால், வரையத் தகாதது. தகும் என்பதற்காக எல்லாரும் வரைந்துவிடுவதும் இல்லை. 65537 பக்கத்துக்கான முறையை ஹெர்மஸ் என்னும் ஜெர்மானியர் பத்தாண்டு உழைத்து எழுதி 1894-இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டிக்குள் போனது. பெட்டியைத் திறந்து சரிபார்ப்பதைவிட நம்பிவிடுவது எளிது என்று கணித உலகம் முடிவு செய்துவிட்டது.

கடைசியாக ஒரு பிறவிக் குணம். இந்த எண்ணை எட்டால் வகுத்தால் மீதி ஏழு. எட்டால் வகுத்து ஏழு மீதி வரும் எந்த எண்ணையும் மூன்று வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது என்பது லெஜாந்தரின் தேற்றம். எந்த எண்ணுக்கும் நான்கு வர்க்கம் போதும் என்பது லக்ராஞ்சு 1770-இல் நிறுவியது. ஆக நம் நாயகனுக்கு நான்கு வேண்டும், மூன்று போதாது. பாடை தூக்கவும் நான்கு பேர் வேண்டுமே என்று ஓர் உரையாசிரியர் சொன்னதாகக் கேள்வி; அவர் வேறு யாருமில்லை.

உடுத்தன

இவ்வியலைச் சுருக்கமாக முடிக்க எண்ணம். ஏனெனில், பத்து விரல் இருப்பதால் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். எட்டு விரலோடு பிறந்திருந்தால் இவ்வியல் வேறாக இருந்திருக்கும். ஆனால் சோதிடரும் வாகன எண் தேடுவோரும் எண்ணின் குணம் என்று மதிப்பது இதை மட்டுமே.

18446744073709551615. இலக்கங்களைக் கூட்டினால் 87. எல்லா இலக்கங்களும் உள்ளனவா என்றால், ஒன்றைத் தவிர உள்ளன. இல்லாத இலக்கம் 2. இரண்டை 64 முறை பெருக்கி வந்த எண்ணில் இரண்டைக் காணோம்! மிகுதியாக வருவது 4. அது நான்கு முறை வருகிறது. மேலே நான்கு வர்க்கம் என்றதையும் இதையும் சேர்த்து யாராவது ராசிக் கல் விற்கக் கிளம்பினால் நூலாசிரியர் பொறுப்பல்லர்.

தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர், தன் இலக்கக் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு, மகிழ்ச்சி தருவது என்னும் பொருளில் ‘ஹர்ஷத்’ என்று பெயரிட்டார். நம் எண்ணின் கூட்டுத்தொகை 87 என்பது 3 × 29. காரணிப் பட்டியலில் 29 இல்லை. ஆகவே ஹர்ஷத் அன்று. மகிழ்ச்சி தராது போகட்டும், தானாவது மகிழுமா என்று பார்க்கலாம். இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டு. வந்ததன் இலக்கங்களை மறுபடி வர்க்கித்துக் கூட்டு. இப்படியே போய் 1-இல் முடிந்தால் அது மகிழெண். நம் எண்ணுக்கு 515, 51, 26, 40, 16, 37, 58, 89, 145, 42, 20, 4, மறுபடி 16. செக்குமாடு. மகிழெண்ணும் அன்று.

இன்னொன்று உண்டு. இரும முறையில் எழுதும்போது ஒன்று என்ற இலக்கம் இரட்டைப்படை முறை வந்தால் அதைத் தீய எண் என்றும், ஒற்றைப்படை முறை வந்தால் அருவருப்பெண் என்றும் விளையாட்டுக் கணிதம் பார்ப்போர் சொல்வர். நல்ல எண் என்று மூன்றாவது வகை ஏதும் அவர்கள் வைக்கவில்லை. நம் எண்ணை இருமத்தில் எழுதினால் 64 ஒன்றுகள். வேறு எதுவும் இல்லை. 64 இரட்டைப்படை. தீய எண்.

இங்கே ஒரு வழக்கு. இருமத்தில் எழுதுவதும் ஓர் உடைதானே. அப்படியானால் இது உடுத்ததில் சேருமா, உடன்பிறந்ததில் சேருமா? உடுத்ததே என்பது ஒரு சாரார் கொள்கை. இருமம், நான்கு, பதினாறு, 256 என்று எந்த அடிமானத்தில் எழுதினாலும் இது ஒரே இலக்கத்தின் அணிவகுப்பு. பத்தில் எழுதும்போதோ இப்படிக் குழறுகிறது. ஆதலால் பத்து உடை, இரண்டு தோல் என்பது எம் கொள்கை. இதனால் தீமை உடன்பிறந்ததாகவும் மகிழாமை உடுத்ததாகவும் முடிந்தன. வகைப்பாடு நியாயமாக இருக்க வேண்டும் என்பதே விதி. எண்ணுக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை.

உரைத்தன

சதுரங்கம் கண்டுபிடித்த சிஸ்ஸா என்பவர் இந்திய அரசன் ஒருவனிடம் முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று கேட்ட கதை எல்லாருக்கும் தெரியும். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் எழுதிவைத்ததற்கும் முன்பே அது அரபு உலகில் உலவியது. சுமார் 1000-ஆம் ஆண்டில் அல்-பிரூனி, 64 கட்டங்களின் மொத்தமான நம் எண்ணைக் கணக்கிட்டு எழுதினார். 64 தொகையைக் கூட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை: 2, 4, 16, 256, 65536 என்று இரண்டை ஆறு முறை வர்க்கமாக்கி ஒன்றைக் கழித்தால் போதும். அரசவைக் கணக்கர்களுக்கு இது தெரிந்திருந்தால் மன்னர் வாக்குக் கொடுக்குமுன்பே இருமியிருப்பார்கள்.

கதை சொல்வோர் விடும் ஒரு பிழையை இங்கே திருத்தியாக வேண்டும். கடைசிக் கட்டத்தில் 2⁶⁴ என்பார்கள். அங்கே இருப்பது 2⁶³. முந்தைய 63 கட்டங்களும் சேர்ந்து அதைவிட ஒரு மணி குறைவு. அதாவது கடைசிக் கட்டத்தில் மட்டும் மொத்தத்தில் சரிபாதியும் அரை மணியும் இருக்கிறது. அந்த அரை மணியை எப்படி உடைத்து வைத்தார்கள் என்று கேட்கும் மாணாக்கரை வகுப்புக்கு வெளியே நிறுத்துக.

ஆயிரம் நெல் 25 கிராம் என்று கொண்டால் பாதிப் பலகைக்கு 107 டன். எந்தச் சிற்றரசனும் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகலாம். முழுப் பலகைக்கு 46,000 கோடி டன் சொச்சம். உலகம் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 80 கோடி டன் நெல் விளைவிக்கிறது. ஆக, 575 ஆண்டு விளைச்சல். அம்பலப்புழையில் இக்கதைக்கு வேறு முடிவு உண்டு: சாதுவாக வந்து ஆடி வென்ற கண்ணன், கடனை ஒரேயடியாகத் தர வேண்டாம், கோயிலில் வருவோர்க்குப் பால் பாயசமாகக் கொடுத்துத் தீர்த்தால் போதும் என்று செம்பகச்சேரி மன்னனுக்குத் தவணை அளித்தான். நாளொன்றுக்கு ஒரு டன் வீதம் தீர்த்தாலும் 126 கோடி ஆண்டு ஆகும். வட்டி போடாதது கண்ணனின் பெருந்தன்மை. வட்டி போட்டால் அதுவும் இரட்டிப்பில்தான் போய் நிற்கும் என்பதை அவன் அறிவான்.

இன்னொரு கதையைப் பிறப்பித்தவர் எத்துவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித ஆசிரியர். 1883-இல் அவர் ஒரு விளையாட்டுப் பொருளை, சயாம் நாட்டு ‘என். கிளாஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டார். எழுத்துகளை மாற்றி அடுக்கினால் அது ஆமியான் ஊர் லூக்கா என்று வரும். மூன்று கம்பு, அளவில் குறைந்துகொண்டே போகும் வட்டுகள். பெரியது சிறியதன்மேல் ஏறக் கூடாது. ஒரு கம்பிலிருந்து இன்னொன்றுக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஹனாய் கோபுரம் என்று அதற்குப் பெயர். விற்பனைக்கு உதவியாக ஒரு புராணமும் கிளம்பியது: காசியில் ஒரு கோயிலில் 64 தங்க வட்டுகளை அர்ச்சகர்கள் இரவுபகலாக மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம், முடிந்ததும் உலகம் முடியுமாம். காசிக்காரர்களுக்கு இந்தச் செய்தி பாரிஸிலிருந்துதான் கிடைத்திருக்கும்.

64 வட்டுக்கு வேண்டிய மாற்றங்கள், சொல்லவே வேண்டாம், நம் எண்தான். நொடிக்கு ஒன்று என்று தவறாமல் மாற்றினாலும் சுமார் 58,500 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான் என்று அறிவியலார் பெருமூச்சு விடுவர். புராணத்தைப் புராணக் கணக்கால் அளப்பதே முறை. பிரம்மாவுக்குப் பகல் 432 கோடி ஆண்டு, இரவும் அவ்வளவே. அந்தக் கணக்கில் வட்டு மாற்றும் வேலை 68 நாளுக்குள் முடிந்துவிடும். இரண்டு மாதமும் ஒரு வாரமும். உலகத்தைப் படைத்தவரின் நாட்காட்டியில் அது ஒரு நடுத்தரமான அரசாங்க ஒப்பந்தப் பணி.

உழைத்தன

கதையில் மட்டும் வாழ்ந்த எண்ணுக்கு 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிரந்தர வேலை கிடைத்தது. கணினிகள் 64 பிட் அளவில் எண்களைப் பிடிக்கத் தொடங்கியபோது, குறியில்லாத முழு எண்ணாக அந்த அறையில் அடங்கும் மிகப் பெரியது இதுவாயிற்று. 64 பிட்டும் 1. இதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் 65-ஆவது பிட்டுக்கு இடமில்லை. அது வெளியே விழ, மிஞ்சுவது பூச்சியம்.

பூச்சியத்துக்கு ஒன்று முன்னால் நிற்பது எது? −1. ஆகவே எதிர்ம எண்களுக்கு இடம் கொடுக்கும் முறையில் இதே 64 ஒன்றுகளுக்கு −1 என்றே பொருள். அறை ஒன்று, உள்ளே இருக்கும் பிட்டுகளும் அவையே; வாசலில் தொங்கும் பலகையைப் பொறுத்து ஆள் கோடி கோடிக்கு அதிபதி, அல்லது ஒரு ரூபாய் கடன்காரன். நிரல் எழுதுவோர் இரண்டு பலகையையும் மாற்றி மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும். அப்போது திரையில் திடீரென்று 18446744073709551615 கோப்புகள் மீதமுள்ளன என்று வந்தால் அஞ்ச வேண்டாம். யாரோ பூச்சியத்திலிருந்து ஒன்றைக் கழித்திருக்கிறார்கள்.

சி பிளஸ் பிளஸ் மொழியில் இவனுக்கு இதைவிடக் கௌரவமான பதவி. ஒரு சரத்துக்குள் ஒரு சொல்லைத் தேடச் சொன்னால், எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பதில் வரும். எங்கும் இல்லையென்றால்? 64 பிட் இயந்திரத்தில் அந்த ‘இல்லை’ என்ற பதிலாக அனுப்பப்படுபவன் இவனே. தேடிய பொருள் இருபது இலக்கத் தொலைவில் இருக்கிறது என்று நம்பி அங்கே போய்ப் பார்க்கும் நிரல்களும் உண்டு. அவை திரும்பி வந்ததில்லை.

இத்தனை பெரிய உத்தியோகஸ்தனின் பெயரைச் சரியாக எழுதத் தெரியாத இடங்களும் உள. ஜாவாஸ்கிரிப்ட்டிடம் சாதாரண எண்ணாகக் கொடுத்தால் 18446744073709552000 என்று எழுதிக் காட்டும். உள்ளே அது வைத்திருப்பது 2⁶⁴, ஒன்று மட்டுமே கூடுதல். வெளியே சொல்வது 385 கூடுதல். எக்செல்லில் தட்டினால் பதினைந்து இலக்கத்துக்கு மேல் எல்லாம் பூச்சியமாகிவிடும். 51,615 நெல் காணாமல் போகும். எடை போட்டால் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். 46,000 கோடி டன்னில் இது போனால் என்ன என்று சொல்பவர் கணக்கர் வேலைக்குத் தகுதியற்றவர். ரேஷன் கடையில் இடம் இருக்கலாம்.

ஒழிபு

அண்டை அயலாரைப் பற்றிச் சொல்லாமல் ஒருவரது குணம் முற்றுப்பெறாது. இடப்பக்கம் 58 வீடு தள்ளித்தான் முதல் பகா எண் குடியிருக்கிறது: 2⁶⁴ − 59. வலப்பக்கம் 14 வீடு தள்ளி அடுத்தது: 2⁶⁴ + 13. இடைப்பட்ட தெருவில் எல்லாரும் பகு எண்கள். இந்தப் பகுதியில் பகா எண்களுக்கு இடைவெளி சராசரியாக 44 என்பதால், 72 என்பது கொஞ்சம் ஒதுக்குப்புறம், அவ்வளவே.

உடனடுத்த வீட்டில் 2⁶⁴. வர்க்கம், நான்காம் அடுக்கு, எட்டாம் அடுக்கு என்று பட்டங்கள் அடுக்கியிருக்கும், இரண்டைத் தவிர வேறு யாரும் உள்ளே நுழைய முடியாத வீடு. அதற்கடுத்தது 2⁶⁴ + 1. ஃபெர்மா குடும்பத்தின் ஏழாவது ஆள். நாயகனின் காரணிகள் அத்தனையும் மூத்த ஆறு பேரிடமிருந்து வந்தவை. ஏழாமவன் இரண்டு வாசல் தள்ளி இருந்தும் இவனோடு ஒரு பொதுக் காரணிகூட இல்லை. அவனைப் பிளந்தவர் லாந்திரி என்பவர். 1880-இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், 274177 × 67280421310721 என்று அறிவித்தார். எப்படிக் கண்டார் என்பதை அச்சில் முழுதாகச் சொல்லவில்லை.

நாயகனையும் அந்த ஏழாமவனையும் பெருக்கினால் 2¹²⁸ − 1 வரும். அதற்கு 39 இலக்கம், ஒன்பது பகா காரணி. அதன் இலக்கணத்தையும் எழுதித் தரும்படி கேட்போர், இந்நூலுக்குப் பேசப்பட்ட தொகை இருபது இலக்கத்துக்கு உரியது என்பதை நினைவில் கொண்டு, மீதிப் பத்தொன்பதுக்கு முன்பணத்தோடு வருக.